மூன்று மன்றாட்டில் ஒரு பெயர்

"1943, ஆடி. அத்தையுடன் ஐந்தருவி. மழை இல்லை, தண்ணீர் உண்டு. போக வண்டி, வர நடை."

என்னுடைய பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்பு இது. கையெழுத்து என்னுடையதுதான். தேதி போடாமல் மாதத்தோடு நிறுத்தியிருப்பது மட்டும் என் வழக்கமில்லை. பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டால்கூட நாளும் கிழமையும் எழுதி வைக்கிறவள் நான். இதற்காக என்னைக் கேலி செய்யாத உறவினர் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நான் எழுதி வைத்ததெல்லாம் மழையும் வண்டியும் அரிசி கிடைத்த கடையும்தான். எதற்காகப் போனோம், என்ன நடந்தது என்பது எங்கும் இருக்காது. இந்தக் குறிப்பை வேறு யாராவது படித்தால், மாமியாரும் மருமகளும் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு உல்லாசமாகக் குளிக்கப் போனார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

போன மாதம் எங்கள் சபையில் புதிய ஆராதனைப் புத்தகம் கொடுத்தார்கள். வழவழவென்று நல்ல தாள், பெரிய எழுத்து, என் கண்ணுக்கு வசதி. இருந்தாலும் பழையதில் இருந்தது எல்லாம் இதில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதற்காகத்தான் தேக்குப் பெட்டியைத் திறந்தேன். அது ரங்கூனில் செய்த பெட்டி. மூடியைத் தூக்கினால் இன்றும் எண்ணெயும் மரத்தூளும் கலந்த ஒரு வாசனை வரும். அந்தக் காலத்தில் தென்காசிப் பக்கத்தில் ரங்கூன் பெட்டி இருக்கிற வீடு என்றால் ஒரு மதிப்பு. திருமணமாகிப் போகும்போது தகரப் பெட்டியோடு போனவள் திரும்பும்போது தேக்குப் பெட்டியோடு வந்தேன். பெட்டி வந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் வரவில்லை.

அவர் பெயர் ஞானமுத்து. ரங்கூனில் ஒரு மர வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் அங்கே குடித்தனம் நடத்தியது கொஞ்ச காலம்தான். 1941இல் ஊரில் அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, டைபாய்டு காய்ச்சல் என்று தந்தி வந்தது. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. என்னைக் கப்பலேற்றி விட்டு, "கிறிஸ்மஸுக்கு நானும் வந்துருதேன்" என்றார். அத்தை பிழைத்துக்கொண்டாள். கிறிஸ்மஸுக்கு ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதன் பிறகு கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள். அவரும் நடக்கப் புறப்பட்டார் என்பதுவரை தெரிந்தது.

நான் தென்காசியில் சபைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். அத்தையும் நானும் மேற்குப் பார்த்த ஓட்டு வீடு ஒன்றில் இருந்தோம். இன்று தென்காசிக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற கோபுரம் அப்போது கிடையாது. பிளந்துபோன அடிப்பகுதிதான் நின்றது. அதைத் தாண்டி மேற்கே பார்த்தால் மலை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறக்கும். விளக்கை ஏற்றுவதும் அது அணைவதும் மறுபடி ஏற்றுவதுமாகத்தான் சாயங்காலம் போகும். மண்ணெண்ணெய்க்கு அலைந்த காலம் வேறு. அந்தக் காற்றில் சில நாள் கரி வாடை வரும். பெட்ரோல் இல்லாமல் கரியைப் புகைத்து ஓட்டிய பஸ்கள் அப்போது வந்திருந்தன. ஏற்றத்தில் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் உட்கார்ந்தபடியே ஜெபிப்பார்கள்.

ஜெபம் என்றதும் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்னச் சபை. ஐயர், அதாவது எங்கள் குருவானவர், மாதத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது சபை ஊழியரான உபதேசியார்தான். ஒல்லியான மனிதர், உள்ளே நுழையும்போது வாசலில் இருக்கிற செருப்பையெல்லாம் நேராக அடுக்கி வைத்துவிட்டு வருவார். பிரசங்கம் அவருக்கு வராது. மன்றாட்டு வாசிப்பதில்தான் அவருடைய மனசு. லித்தானியா என்று நாங்கள் சொல்லும் நீண்ட மன்றாட்டில் ஒவ்வொரு விதமான மனிதருக்காகவும் ஒரு வேண்டுதல் உண்டு. தரையிலும் கடலிலும் பயணம் செய்கிறவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு, பிள்ளை பெறப்போகிற பெண்களுக்கு, சிறைப்பட்டவர்களுக்கு என்று வரிசையாகப் போகும். உபதேசியார் ஒவ்வொரு இடத்திலும் சற்று நிறுத்தி, எங்கள் சபையில் அந்த நிலைமையில் இருக்கிறவரின் பெயரைச் சொல்வார். நாங்கள் பாயில் உட்கார்ந்தபடி சேர்ந்து பதில் சொல்வோம். கடைசியில், ஆண்டவருக்குள் நித்திரையடைந்தவர்களுக்காக நன்றி சொல்கிற இடம். அங்கேயும் பெயர்கள் வரும்.

1942இன் தொடக்கத்திலிருந்து ஞானமுத்து பயணம் செய்கிறவர்களில் இருந்தார்.

அந்த வருஷம் முழுக்க நான் என்னவாக இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தால், சரியாக ஒரு பலகை மாதிரி இருந்தேன் என்று சொல்லலாம். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தேன். அத்தைக்குக் கஞ்சி வைத்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, அழுகையும் வராது. ஓட்டில் எந்த இடத்தில் கண்ணாடி ஓடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வரும்போது மட்டும் நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். அது துக்கமில்லை. ஒரு வாரமாகக் கீழே வைத்திருந்த குடத்தை மறுபடி தூக்கி இடுப்பில் வைத்த மாதிரிதான் இருக்கும். "இருக்கிறார்" என்று நம்ப வேண்டும். அடுத்த ஞாயிறுவரை நம்ப வேண்டும்.

அடுத்த வருஷம் பங்குனியில் புளியங்குடியிலிருந்து ஒருவர் வந்தார். ரங்கூனில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வியாபாரம் செய்தவர். காட்டு வழியாக நடந்து வந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, எழுந்து நடமாட முடிந்ததும் எங்களைத் தேடி வந்திருந்தார். கை கால் குச்சியாக இருந்தது. அத்தை மோர் கொடுத்தாள். அவர் மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சொன்னார்.

"ஒரு மரத்தடியில உக்காந்திருந்தாரு. நல்ல காய்ச்சல். 'நீங்க முன்னால போங்க அண்ணாச்சி, நான் செத்த இருந்துட்டு வாரேன்'ன்னாரு. நான் முன்னால வந்துட்டேன். பொறவு பாக்கல."

அவர் போன பிறகு அத்தை டம்ளரைக் கழுவினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "உக்காந்திருந்தான்னுதானட்டி சொன்னாரு? படுத்திருந்தான்னு சொல்லலியே."

"சொல்லல அத்தை."

"பொறவு என்ன. எந்திரிச்சி வருவான்."

இந்தச் செய்தி உபதேசியாரை எட்டியது. அவர் மிகவும் யோசித்திருக்கிறார் என்பது அடுத்த ஞாயிறு தெரிந்தது. பயணம் செய்கிறவர்களில் ஞானமுத்துவின் பெயரைச் சொன்னார். நோயாளிகள் வந்தபோது, காய்ச்சல் என்றார்களே என்று, அங்கேயும் சொன்னார். சிறைப்பட்டவர்கள் வந்தபோது, ஒருவேளை ஜப்பான்காரன் பிடித்திருந்தால் என்ன செய்வது என்று, அங்கேயும் சொன்னார். ஒரு மனிதர் ஒரே காலையில் வழியிலும் இருந்தார், படுக்கையிலும் இருந்தார், சிறையிலும் இருந்தார். ஆண்டவர் எந்தப் பக்கம் தேடினாலும் பெயர் அகப்பட வேண்டும் என்கிற நல்லெண்ணம்தான். வேறு எந்த ஊரிலும் யாரும் இப்படிச் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

வெளியே வரும்போது பாக்கியம் மயினி என் காதில் சொன்னாள்: "பிள்ளத்தாச்சிகள்ல மட்டுந்தான் ஒன் மாப்பிள்ளைய இன்னும் சேக்கல."

மதினி முறை வைத்து நான் மயினி என்று கூப்பிடும் அவள் எங்கள் அடுத்த வீடு. வாயும் பெரியது, மனசும் பெரியது. சொல்லிவிட்டு, ஐயோ சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. அந்த வருஷத்தில் எனக்கு ஏதோ ஒன்று வரப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு குடம் மூன்று குடமானது. அத்தைக்கு அது போதவில்லை, எனக்குத் தாங்கவில்லை. உபதேசியார் இதை எப்படியோ உணர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மணி அடிக்கிற வரை காத்திருந்து கேட்டார்.

"டீச்சர், ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. எந்த எடத்துல வாசிக்கணும்னு நீங்கதான் சொல்லணும். பெண்சாதிதான் சொல்லணும். நான் சொல்லப்படாது."

கடைசி இடத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அங்கே பெயர் போய்விட்டால் மறுநாள் நான் வெள்ளைச் சேலை கட்ட வேண்டும். அத்தைக்கு மகன் இல்லை என்று ஆகிவிடும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பிடிவாதமில்லை. சொல்வதற்கு உள்ளே ஆள் இல்லை.

பாக்கியம் மயினிதான் வைத்தியம் சொன்னாள். "ஆத்தா, இவ அழுதுட்டா சரியாயிரும். தலைக்கு நல்லெண்ணெய வச்சி அருவியில நிப்பாட்டுங்க. சித்தம் கலங்குனவுகளையே கொண்டுபோயி நிப்பாட்டுதாக, தெளிஞ்சிருது. இவளுக்குக் கண்ணீரு வராதா?"

அத்தைக்குத் தயக்கம். பெரிய அருவிக்குப் பக்கத்திலேயே கோயில். சபையில் யாராவது பார்த்தால் ஒரு மாதத்துக்குப் பேச்சு. கடைசியில் ஐந்தருவிக்குப் போவது என்று முடிவு செய்தாள், அங்கே கோயில் கிடையாது என்ற நம்பிக்கையில். வண்டி பேசினோம். வழியில் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில் அத்தையிடம் கேட்டார்: "பிள்ளைக்குச் சித்தம் சரியில்லியா?"

"சித்தமெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. கண்ணீருதான் வரல."

"அது வந்துரும்," என்றார் அவர், மாட்டைத் தட்டிக்கொண்டே, ஏதோ பஸ் வரும் என்கிற மாதிரி.

ஐந்தருவியில் இறங்கினால் அங்கேயும் பக்கத்தில் சாஸ்தா கோயில் ஒன்று. அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிறிது நேரம் நின்றாள். "இங்கனயும் இருக்காரா?" என்றாள். பிறகு, "சரி, அவரு அவரு எடத்துல இருக்காரு. நாம தண்ணிக்குத்தான வந்தோம்" என்று சொல்லி என்னைப் பாறையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். அவள் கை என் தலையில் பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கனமான கை. தேய்த்துக்கொண்டே முணுமுணுவென்று ஜெபித்தாள். இந்தத் தண்ணீரை உண்டாக்கினவர் நீர்தான் என்பதை ஆண்டவருக்கு நினைவுபடுத்தினாள்.

அருவிக்கு அடியில் நின்றேன். சுற்றிலும் பெண்கள் குளிர் தாங்காமல் கூச்சல் போட்டார்கள், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலையில் கல் கொட்டுகிற மாதிரி தண்ணீர் விழுந்தது. வேறு யாருடைய தலையிலோ விழுகிறது, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்பது போல இருந்தது. அத்தை தானும் எண்ணெய் வைத்துத் தலையை நனைத்துவிட்டு, கரையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு குரங்கு எங்கள் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது.

"ஏலே! அரிசி கெடைக்காத காலத்துல பொங்குன சோறுலே அது! ஏலே!" என்று அத்தை ஈரச் சேலையோடு மரத்தடியில் நின்று கத்தினாள். குரங்கு அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

வண்டிக்காரர் காத்திருக்காமல் போய்விட்டார். நடந்தோம். பசி. இரண்டு பேர் தலையிலும் எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போகவில்லை. வயல் ஓரமாக வரும்போது அத்தை கேட்டாள்.

"அழுதியாட்டி?"

"தெரியல அத்தை. மூஞ்சியெல்லாம் தண்ணி."

அவள் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே நடந்தாள். வெகுதூரம் வந்த பிறகு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், சொன்னாள்: "நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ரெண்டு பேரையும் வரச் சொல்லித் தந்தி குடுத்திருக்கணும். ஒன்ன மட்டும் அனுப்பச் சொல்லிட்டேன். சவம், அறிவில்லாம."

அதை அவள் அதற்கு முன் சொன்னதில்லை, பிறகும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் வீட்டு ஜெபம் நடக்கும். ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீடு. நாங்கள் அருவிக்குப் போய்வந்ததற்கு அடுத்த புதன் எங்கள் வீட்டு முறை. வட்டமாகப் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார். சங்கிலி ஜெபம் என்று பெயர். சங்கிலி அறக் கூடாது. வார்த்தை வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் புறங்கையை லேசாகத் தொட வேண்டும். முறை அடுத்தவருக்குப் போய்விடும். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நான் ஒன்றரை வருஷமாகத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். தொடுவது அத்தையின் கையை. அத்தை உடனே எடுத்துக்கொண்டு விடாமல் ஜெபிப்பாள். என் பங்கையும் சேர்த்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் வீட்டில் பேசுகிற பேச்சில் ஜெபிப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாக்கியம் மயினிகூடக் கண்ணை மூடியதும் "தேவரீர், அடியாளைக் கிருபையாய்க் கண்ணோக்கியருளும்" என்பாள். மயினி தொடங்கினால் ஒரு விளக்கு எண்ணெய் போகும். ஆண்டவரிடம் பேசப் போகும்போது வார்த்தைக்கும் நல்ல சேலை கட்டித்தான் அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் பழக்கம். எனக்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்குக் காற்று அதிகம். உபதேசியார் ஜெபித்தார். அவருக்கு அடுத்தது நான். அத்தையின் கையைத் தொடலாம் என்று கையை எடுத்தேன். அந்தக் கையைத் தூக்கவே களைப்பாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். வேறு எந்த ஏவுதலும் எனக்கு உண்டானதாகச் சொல்ல மாட்டேன். கை பாதியில் நின்றது, வாய் பேசியது.

"ஆண்டவரே, எனக்குக் களைப்பா இருக்கு. அவுக இருக்காகளா இல்லியான்னு எனக்குத் தெரியல. ஒமக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அந்தப் பேரைக் கேட்டுட்டு இருக்கதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. நீரே வச்சுக்கிடும். ஆமென்."

குழம்பில் உப்புப் போதவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னேன். யாரும் "ஆமென்" சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் அத்தை. சபையில் எல்லோருக்கும் அத்தையைத் தெரியும். மகன் வருவான் என்பதை யாராவது மென்மையாகச் சந்தேகப்பட்டால்கூட எழுந்து போய்விடுகிறவள். அவள் பெற்ற பிள்ளையின் பெயரைக் கேட்கத் தெம்பில்லை என்று மருமகள் சபை நடுவில் சொல்லிவிட்டாள். கண்ணை மூடியிருந்தாலும் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

கதவு காற்றில் ஒரு தடவை அடித்தது. அத்தை மூச்சு விடுவது கேட்டது. பிறகு அந்தப் பக்கம் பாயில் ஒரு சின்ன அசைவு. அத்தை தன் கையை நீட்டிப் பாக்கியம் மயினியின் புறங்கையைத் தொட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்து அவள் தன் முறையை விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

மயினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஆண்டவரே," என்றாள். நிறுத்தினாள். "இவுக ரெண்டு பேரையும் பாத்துக்கிடும். ஆமென்." அதோடு முடித்துவிட்டாள். அன்று விளக்கில் எண்ணெய் மிஞ்சியது.

எல்லோரும் போன பிறகு அத்தை பாயைச் சுருட்டினாள். நான் எதையாவது சொல்வேன் என்று அவளும், அவள் திட்டுவாள் என்று நானும் காத்திருந்தோம். இரண்டும் நடக்கவில்லை. சனிக்கிழமை உபதேசியார் வந்தார். செருப்பை நேராக வைத்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு என்ன செய்யட்டும் ஆத்தா?"

அத்தை அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நீங்க வாசிக்க வேண்டாம். நான் சொல்லிக்கிடுதேன்."

"எந்த எடத்துல?"

"பயணத்துல. மத்த ரெண்டும் நீங்களாச் சேத்தது."

அவர் தலையாட்டினார். பாக்கியம் மயினி மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். "அப்போ சேல என்ன சேல?" என்றாள்.

"எந்தச் சேலைன்னு கட்டுதவ சொல்லட்டும். நீ உள்ள போ," என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பாமல், "ஒனக்குத் தெம்பில்லன்னா நீ சும்மா இருட்டி. நான் ஒருத்தி போதும்" என்றாள்.

மறுநாள் மன்றாட்டில் அந்த இடம் வந்தபோது உபதேசியார் ஒரு பெயர் சொல்லும் நேரம் அளவுக்கு நிறுத்தினார். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என் மகன் ஞானமுத்து." உபதேசியார் தொடர்ந்து வாசித்தார். நாங்கள் பதில் சொன்னோம். நோயாளிகள் வந்தார்கள், சிறைப்பட்டவர்கள் வந்தார்கள், நித்திரையடைந்தவர்கள் வந்தார்கள். எங்கேயும் அவர் இல்லை.

நான் அத்தைக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் யாரும் கையை வைக்கவில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சமாதானம் என்றும் பெரிய வார்த்தை போட மாட்டேன். வேறொருவர் இடுப்பில் இருக்கிற குடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து தரையில் படுத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை எழுப்பினாள். அப்படித் தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

என் ஜெபம் கேட்கப்பட்டதா என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். "நீரே வச்சுக்கிடும்" என்று கேட்டேன். அவர் வாங்கிக்கொண்டார் என்றுதான் நம்புகிறேன். வாங்கி எங்கே வைத்தார் என்று பார்த்தால், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்ணிடம் வைத்திருந்தார். அவளுக்கு அதைச் சுமக்கத்தான் பிடித்திருந்தது. எனக்கு இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒரே வீட்டில், ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஒருத்தி நம்பினாள், ஒருத்தி நம்பவில்லை. அதன் பிறகு எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. சேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் என்னிடம் இருந்த சேலைகளை, நிறம் போகிற வரை, கட்டிக்கொண்டிருந்தேன்.

அழுகை எப்போது வந்தது என்று கேட்பீர்கள். வந்தது, அடுத்த வருஷம். வகுப்பில் ஒரு சின்னப் பெண் சிலேட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, அம்மா அடிப்பாளே என்று அழுதாள். அவளைத் தேற்றப் போன டீச்சரும் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண் பயந்துபோய்த் தன் அழுகையை நிறுத்திவிட்டாள். அருவி செய்யாததை ஒரு சிலேட்டுச் செய்தது என்று மயினி பிறகு சொல்லித் திரிந்தாள். நான் அதற்கு அவ்வளவு அர்த்தம் கொடுப்பதில்லை.

உலக யுத்தம் முடிந்தது. பர்மாவிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். அவரைப் பற்றி விசாரித்தோம். அந்த மரத்தடிக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தை ஒரு ஞாயிறும் விடவில்லை. காய்ச்சலோடும் வந்தாள். ஐயர் வந்திருக்கிற நாளிலும் சொன்னாள். முதல் தடவை அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார். உபதேசியார் அவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து அவரும் அந்த இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டார். 1946 கார்த்திகையில், அடைமழையில், அத்தை இறந்தாள். கடைசியில் பேச்சில்லை. என் கை அவள் கையில் இருந்தது.

இப்போது எங்கள் பழைய சபைக் கோயில் இல்லை. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. பாய் இல்லை, எல்லோரும் பெஞ்சில் உட்காருகிறோம். வீட்டு ஜெபத்தில் மைக் கையிலிருந்து கைக்குப் போகிறது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. புறங்கையைத் தொடுகிற வழக்கத்தைச் சொன்னால் இளம்பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. நீண்ட மன்றாட்டை வருஷத்தில் ஓரிரு நாள் வாசிக்கிறார்கள். பயணம் செய்கிறவர்கள் அதில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வாசிக்கிறவர் மூச்சு விடாமல் அடுத்த வேண்டுதலுக்குப் போய்விடுகிறார். நடுவில் ஒரு பெயருக்கு இடம் இல்லை.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. அத்தையை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு, அந்த இடம் வந்தபோது, உபதேசியார் வழக்கம்போல நிறுத்தினாராம். பெண்கள் பக்கத்திலிருந்து "ஞானமுத்து" என்று ஒரு குரல் கேட்டதாம். "நீதானட்டி சொன்ன. நான் ஒன் பக்கத்துலதான இருந்தேன்," என்று பாக்கியம் மயினி பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறுகளில் யாரும் சொல்லவில்லை, அது நிச்சயம். அந்த ஒரு ஞாயிறு மட்டும் எனக்குள் வெற்றிடமாக இருக்கிறது. மயினி ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவள், ஆனால் இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. உபதேசியாரிடம் கேட்டிருக்கலாம். அவர் மாற்றலாகிப் போன ஊருக்கு நான் விசாரித்துப் போவதற்குள் அவர் இறந்துவிட்டார். மயினியும் போய்விட்டாள். அன்று அங்கே இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். அந்தக் குரல் என்னுடையதுதானா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.